அலங்கார விளக்கும் அரை வாட் மின்தடையும்

தீபாவளிக் காலத்தில் ஹரிஸ் பார்க் விக்ரம் வீதி விளக்குகளால் பொலிவு பெறுகின்றது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உரிமம் இன்றிப் பட்டாசு கொளுத்த அனுமதியில்லை. ஆகவே இங்குள்ள இல்லங்களில் பண்டிகையின் களை பெரிதும் விளக்குகளையே சார்ந்துள்ளது. சுவாமி படத்தைச் சுற்றிச் சிறு எல்.இ.டி. விளக்குகளைத் தாமே பொருத்தும் அன்பர்கள் கவனிக்கவேண்டிய சிறு பொருள் ஒன்று உண்டு. அதுவே ரெசிஸ்டர் எனப்படும் மின்தடை.

எல்.இ.டி. தன்னூடாகச் செல்லும் மின்னோட்டத்தைத் தானே அடக்கிக்கொள்ளாது. அதற்குக் காவலாய் நிற்பது மின்தடை. அது ஏற்கும் மின்சக்தி மறைந்துவிடுவதில்லை, வெப்பமாகிறது. எவ்வளவு வெப்பத்தை அது தாங்கும் என்பதைக் குறிப்பதே வாட் அளவு. மேலுள்ள நிற வளையங்கள் ஓம் அளவைக் கூறுமேயன்றி வாட் அளவைக் கூறா. ஆதலால் வாங்கும்போதே கேட்டறிதல் நன்று.

கணக்கு எளிது. 12 வோல்ட் அடாப்டரில் ஒரு சிவப்பு விளக்கை இணைப்பதாகக் கொள்வோம். விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட் எடுக்கும். மீதி 10 வோல்ட். மின்னோட்டம் 0.02 ஆம்பியர் எனில், 10ஐ 0.02ஆல் வகுக்க 500 ஓம். கடையில் கிடைக்கும் 560 ஓம் பொருந்தும். வெப்பமோ, 10ஐ 0.02ஆல் பெருக்க 0.2 வாட். கால் வாட் மின்தடை இதை மட்டுமட்டாகவே தாங்கும். கணக்கில் வருவதைப்போல் இருமடங்கு தாங்குவதைத் தெரிவுசெய்வதே நல்ல வழக்கம். எனவே அரை வாட் வேண்டும்.

பத்து விளக்குகளைப் பக்கம்பக்கமாக இணைத்து ஒரே மின்தடையைப் பூட்டுவதே ஆபத்தான தவறு. ஒவ்வொரு விளக்குக்கும் 0.02 ஆம்பியர் கிடைக்குமாறு அந்த மின்தடையைத் தெரிந்தால் வெப்பம் 2 வாட் ஆகிவிடும். கால் வாட் மின்தடை கருகும். அருகில் பட்டுத்துணியோ காகிதத் தோரணமோ இருந்தால் தீப்பற்றவும் கூடும். மாறாக, மும்மூன்று சிவப்பு விளக்குகளைத் தொடராகக் கோத்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு 330 ஓம் மின்தடை வைத்தால் வெப்பம் 0.11 வாட் அளவே. கால் வாட் போதும்.

அலங்காரத்தில் வைப்பதற்கு முன் அரைமணி நேரம் வெளியே எரியவிட்டுச் சோதித்தல் வேண்டும். 230 வோல்ட் வீட்டு மின்னிணைப்பில் கை வைக்காது, அதனை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விடுதல் வேண்டும். சில காசு பெறும் மின்தடையைச் சரியாகத் தெரிந்தெடுத்தால், திருவிளக்கின் ஒளியோடு இல்லத்தின் நலமும் காக்கப்படும்.