படத்தில் சிவக்கும் கண்

மங்கிய வெளிச்சத்தில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் சிலருடைய கண்மணி கறுப்பாக இல்லாமல் செக்கச்செவேலென்று விழுந்திருக்கும். 'ரெட் ஐ' எனப்படும் இது கேமராவின் பழுது அல்ல. இருட்டில் கண்மணி 7, 8 மில்லிமீட்டர் வரை விரியக்கூடியது. ஃபிளாஷ் மின்னி மறைவதற்குள் அது சுருங்க நேரம் இல்லை. அகலத் திறந்த அந்த வழியாகப் புகும் ஒளி விழித்திரையிலும், அதன் பின்னால் இரத்த நாளங்கள் செறிந்த படலத்திலும் பட்டு, செந்நிறமாகி, வந்த வழியே திரும்புகிறது. ஃபிளாஷ் விளக்கு லென்ஸை ஒட்டி இருந்தால் அந்த ஒளி நேராக லென்ஸுக்குள் விழும். சிறிய பாக்கெட் கேமராக்களில் இந்தத் தொல்லை அதிகமாக இருந்ததற்கு அதுவே காரணம். கண்ணில் மெலனின் நிறமி குறைந்தவர்களின் படங்களில் சிவப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும்.

கணினிக்குச் சிவந்த கண் என்பது சில எண்கள்தான். டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று அளவுகளால் ஆனது. ஒவ்வொன்றும் பொதுவாக 0 முதல் 255 வரை இருக்கும். சிவந்த கண்மணியில் ஒரு பிக்சல் சிவப்பு 200, பச்சை 40, நீலம் 50 என்று இருப்பதாகக் கொள்ளலாம். பச்சைக்கும் நீலத்துக்கும் சராசரி 45. சிவப்பு அந்தச் சராசரியைவிட, உதாரணமாக, ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் 200ஐ எடுத்துவிட்டு 45ஐ வைப்பது எளிய திருத்த முறைகளுள் ஒன்று. மூன்று எண்களும் நெருங்கிவிடுவதால் அந்த இடம் கருஞ்சாம்பலாக மாறும். கண்ணில் மின்னும் வெள்ளைப் புள்ளியில் மூன்று அளவுகளும் ஏறக்குறைய சமம் என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. அந்தப் புள்ளி இருந்தால்தான் படத்தில் உள்ள பார்வைக்கு உயிர் இருக்கும்.

இதே கணக்கை முகம் முழுவதற்கும் போட்டால் வேலை கெட்டுவிடும். மாநிறத் தோலின் ஒரு பிக்சல் சிவப்பு 150, பச்சை 100, நீலம் 70 என்று இருக்கலாம். அதிலும் சிவப்பு சராசரியைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. தோல் வெளிறும்; உதடும் நெற்றிக் குங்குமமும் நிறம் இழக்கும். கண்மணியை மட்டும் முதலில் தேர்ந்தெடுப்பது இதனால்தான் அவசியம்.

திருத்தத் தொடங்குமுன் அசல் படத்தை ஒரு நகல் எடுத்துவிட்டு, நகலில் மட்டுமே கை வைக்க வேண்டும். கண் திரையில் நன்றாகத் தெரியும்வரை படத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். ஃபோட்டோஷாப்பில் 'ஸ்பாட் ஹீலிங் பிரஷ்' இருக்கும் அதே குழுவில் 'ரெட் ஐ டூல்' இருக்கிறது. அதை எடுத்துச் சிவந்த இடத்தில் ஒருமுறை கிளிக் செய்தால் போதும். திருத்தம் கண்மணியைத் தாண்டி வழிந்தால் 'பியூபில் சைஸ்' அளவைக் குறைக்கலாம். மை அப்பியது போல இருண்டுவிட்டால் 'டார்க்கன் அமவுண்ட்' அளவைக் குறைக்கலாம். இலவச மென்பொருளான கிம்ப்பில் கண்மணியைத் தேர்ந்தெடுத்த பிறகு, 'ஃபில்டர்ஸ்' மெனுவில் 'என்ஹான்ஸ்' பிரிவில் உள்ள 'ரெட் ஐ ரிமூவல்' வசதியைப் பயன்படுத்தலாம். எவ்வளவு சிவப்பைக் குறியாகக் கொள்வது என்பதை அதில் உள்ள 'த்ரெஷோல்ட்' தீர்மானிக்கும்.

தானியங்கிக் கருவி தடுமாறும் படங்களும் உண்டு. சிவப்பு மிகவும் வெளிறியிருந்தாலோ, முகம் சிறியதாக இருந்தாலோ கண்மணியை அது கண்டுகொள்ளாமல் போகலாம். அப்போது கண்மணியை வட்டமாகத் தேர்ந்தெடுத்து, விளிம்பைச் சற்றே மென்மையாக்கி, நிறச்செறிவை முழுதும் குறைத்து, பிறகு கொஞ்சம் இருட்டாக்கினால் அதே பலன் கிடைக்கும். கண்மணியைச் சுற்றியுள்ள பழுப்பு வளையத்தைத் தொடக் கூடாது. இரண்டு கண்களும் ஒரே அளவு இருண்டிருக்கின்றனவா என்று படத்தைச் சிறிதாக்கிப் பார்ப்பது நல்லது.

நாய், பூனை, மாடு ஆகியவற்றின் படங்களில் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பும் தனிப் படலம் ஒன்று உண்டு. சிவப்பைத் தேடும் கருவிக்கு இங்கே வேலை இல்லை. லைட்ரூம் மென்பொருள் இதற்கென்று 'பெட் ஐ' என்ற வசதியைத் தனியாகவே தருகிறது. அப்படி ஒரு வசதி இல்லாத மென்பொருளில் கைத்திருத்தமே வழி.

மனிதக் கண்ணில் சிவப்புக்குப் பதில் வெள்ளை ஒளி தெரிந்தால் அது வேறு விஷயம். ஒளி பட்ட கோணத்தால், பார்வை நரம்பு தொடங்கும் இடத்திலிருந்து வந்த வெறும் எதிரொளிப்பாகவும் அது இருக்கலாம். ஆனால் கண்புரைக்கும், சிறு குழந்தைகளின் விழித்திரையில் வரும் 'ரெட்டினோபிளாஸ்டோமா' என்ற புற்றுநோய்க்கும் அது அறிகுறியாகலாம். ஒரு கண் சிவந்தும் மற்றது வெளுத்தும் இருந்தால், அல்லது வெள்ளை ஒளி பல படங்களில் திரும்பத் திரும்பத் தெரிந்தால், தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். திருத்திய படத்தில் இந்தத் தடயம் அழிந்திருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டியது திருத்தாத அசல் படத்தைத்தான்.