வெட்டியது விந்துக் குழாய்தானா?

ஆண் கருத்தடை ஆபரேஷனில் வெட்டியது விந்துக் குழாய்தானா, பக்கத்து ரத்தக் குழாயா என்று சந்தேகம் வந்தால், எடுத்த துண்டை ஃபார்மலினில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பலாம். அதை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். நடுவில் சின்னத் துவாரம், சுற்றிலும் தடித்த தசைச் சுவர் தெரிந்தால் அது விந்துக் குழாய்.

"அப்போ இனிப் பயமில்லையே?" என்பீர்கள். அவசரம் வேண்டாம்! துண்டு சரியாக இருந்தாலும், வெட்டுக்கு மேலே தங்கிய விந்தணுக்கள் உடனே போய்விடாது. 3 மாதம் நிரோத் உபயோகியுங்கள். பிறகு விந்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அதில் அணுவே இல்லையென்றால்தான் சர்டிபிகேட். அரிதாக, வெட்டிய குழாய் தானே ஒட்டிக்கொள்வதும் உண்டு.

ஆகவே, சம்சாரம் முழுகாமல் இருந்தால் அவள்மேல் சந்தேகப்படாதீர்கள், ஐயா. அப்படிப் பிரிந்த குடும்பம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆள் 3-ஆம் மாதப் பரிசோதனைக்கு வரவே இல்லை.