உங்களுக்குத் தெரியுமா? உப்புநீரில் வளரும் மீன் தீனி

மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் உயிருள்ள தீனியாகப் போடும் ஆர்ட்டீமியா, மல்லாந்தபடியே நீந்தும் சின்னஞ்சிறு உயிர். நீந்தவும் உணவை வடிகட்டவும் மூச்சுவிடவும் அதற்குக் கால்கள்தான்!

தூத்துக்குடி உப்பளங்களில் ஆண் துணையின்றியே இனம் பெருக்கும் ஆர்ட்டீமியா உண்டு. உலகச் சந்தைக்கு முட்டைகள் பெருமளவில் வருவது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள கிரேட் சால்ட் ஏரியிலிருந்து. காய்ந்த முட்டைகள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். உப்புநீர், வெளிச்சம், காற்று, 28 டிகிரி வெப்பம் கிடைத்தால் சுமார் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும்.

பொரிந்த குஞ்சு முதல் சில மணி நேரம் எதையும் உண்ணாது. உடம்பிலுள்ள கருவுணவே அதற்கு ஆகாரம். அது கரையக் கரையச் சத்தும் குறையும். எனவே மீன் குஞ்சுகளுக்குப் பொரிந்த அன்றே போடுவதுதான் சிறந்தது.

வளர்த்து வைப்பதென்றால் சுருள்பாசித் தூளையோ ஈஸ்ட்டையோ கரைத்து, தண்ணீர் லேசாக மங்கும் அளவுக்கு மட்டும் விட வேண்டும். தெளிந்த பிறகே அடுத்த வேளை. மிஞ்சிய தீனி அழுகினால் ஆக்சிஜன் தீர்ந்து கூட்டமாகச் செத்துவிடும். காற்றுக் குமிழ்களும் பெரிதாக இருக்கட்டும். பொடிக் குமிழ்கள் கால்களில் சிக்கும்.

நன்னீர்த் தொட்டியில் இவை சில மணி நேரமே உயிரோடிருக்கும். மீன்கள் உடனே தின்று தீர்க்கும் அளவே போடுங்கள்.