பத்து இடத்து மண்ணைக் கலக்காதீர்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து விவசாயிக்கு மண் எடுக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிற வட்டாரம். நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் மண்வெட்டியால் சரிவாக வெட்டி, நெல்லுக்கு 15 செ.மீ., பருத்திக்கு 22.5 செ.மீ. ஆழம் வரை சீவி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவருவார். வரப்பு, மரத்தடி, எருக்குழி, வாய்க்கால் ஓரம் பக்கம் போகமாட்டார். எவ்வளவு உரம் போடுவது என்று தெரிந்துகொள்ள இது சரியான முறை.

மண்ணில் ஆலைக் கழிவோ வேறு நஞ்சோ கலந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் எடுக்கும்போது மட்டும் இந்தப் பழக்கம் காலை வாரிவிடும். உரத்துக்கு வேண்டியது நிலத்தின் சராசரி. நஞ்சு சராசரியாகப் பரவுவதில்லை. கழிவு கொட்டிய இடத்திலும் அது வழிந்தோடிய தடத்திலும் திட்டுத் திட்டாகத் தங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து இடங்களில் ஒன்பதில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் பாதரசம், ஓர் இடத்தில் மட்டும் 100. பத்தையும் கலந்தால் ஆய்வகம் சொல்லும் அளவு 10.9.

இந்த எண்ணை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்பதற்குக் கொடைக்கானல் இருக்கிறது. அங்கே இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து பாதரசக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கடை வரை போனது அம்பலமாகி, 2001இல் ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஆலைக்குள் இருந்த மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற சண்டை அதன்பின் பல வருஷம் நடந்தது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் போதும் என்று முடிவானது. போதாது, பக்கத்தில் பாம்பார் சோலை இருக்கிறது என்று ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் வாதாடினார்கள். எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அது இருக்கட்டும், அந்த 20ஐ வைத்தே பார்த்தாலும், நமது கலப்பு மண் 10.9 காட்டித் தேறிவிடும். வரம்பைப்போல் ஐந்து மடங்கு நஞ்சுள்ள இடம் காகிதத்தில் காணாமல் போய்விடும்.

அதனால் ஒவ்வோர் இடத்து மண்ணும் தனிப் புட்டியில் போக வேண்டும். உரச் சோதனையில் தவிர்க்கும் இடங்கள்தான் இங்கே முதலில் தோண்ட வேண்டியவை: கழிவுநீர் நிலத்துக்குள் நுழையும் மடை, வாய்க்கால் ஓரம், தண்ணீர் தேங்கி வற்றிய பள்ளம், ஓடை கண்மாயில் கலக்கும் வாய். கூடவே, மாசு எட்டாத மேட்டிலிருந்து ஒப்பிடுவதற்கு ஒரு மண் கட்டாயம். அது அதே வகை மண்ணாக இருக்க வேண்டும். களி மிகுந்த கரிசலில் இயல்பாகவே உலோகங்கள் கூடுதலாக இருக்கக்கூடும். மலையடிவாரத்துச் செவலை வைத்துக் கரிசலை எடைபோட்டால் இல்லாத மாசைக் கண்டுபிடித்துவிடுவோம்.

ஆழம்? எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. சிவகாசி பக்கம் என்பதால் பட்டாசு மருந்தையே எடுத்துக்கொள்வோம். பச்சை நிறத்துக்குச் சேர்க்கும் பேரியம், மண்ணில் சல்பேட் இருந்தால் அதோடு சேர்ந்து கரையாத உப்பாகி மேல்மண்ணிலேயே தங்கிவிடும். மேல் 5 செ.மீ., 15 செ.மீ. என்று பிரித்து எடுத்தால் அகப்படும். அதே மருந்தில் வரும் பெர்குளோரேட் நேர்மாறு. தண்ணீரில் நன்றாகக் கரையும், மண்ணில் ஒட்டாது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தபின் மேல்மண்ணில் அதைத் தேடிப் பயனில்லை. கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். கரிசலில் இன்னொரு சிக்கல். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்போது மேல்மண் வெடிப்புக்குள் சரிந்து கீழே போய்விடும். அங்கே தோண்டி இரண்டடி ஆழத்தில் மாசு என்று எழுதினால் அது கீழே ஊறிய மாசா, மேலிருந்து விழுந்த மண்ணா என்று சொல்ல முடியாது. வெடிப்பை விட்டு விலகித் தோண்டுங்கள். முடியாவிட்டால் வெடிப்பு இருந்தது என்று குறிப்பிலாவது எழுதுங்கள்.

தோண்ட எவர்சில்வர் கரண்டி நல்லது. துத்தநாகம் பூசிய வாளியில் போட்ட மண்ணில் துத்தநாகம் இருக்கிறதா என்று கேட்பது வீண். உரச் சாக்கு, பூச்சிமருந்து டப்பா எதுவும் ஆகாது. ஒப்பீட்டு மண்ணை முதலில் எடுங்கள், சந்தேகமான இடத்தைக் கடைசியில். ஒவ்வொரு குழிக்கும் கையுறையை மாற்றுங்கள், கரண்டியைக் கழுவுங்கள். உலோகங்களுக்குப் பிளாஸ்டிக் புட்டி போதும். எண்ணெய், கரைப்பான் போன்றவற்றுக்குக் கண்ணாடி, அதுவும் காற்றுக்கு இடமில்லாமல் வாய்வரை நிரப்பி. பாதரசமோ பெட்ரோலோ சந்தேகம் என்றால் வெயிலில் காயவைக்காதீர்கள், தேடுகிற பொருளே ஆவியாகிவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். பாதரசத்தை 28 நாளுக்குள் அளந்துவிட வேண்டும் என்பது பொதுவான விதி. மற்ற பெரும்பாலான உலோகங்களுக்கு ஆறு மாதம் வரை பொறுக்கும்.

நீங்களே எடுத்த மண் புகாருக்கு வலு சேர்க்கும். வழக்கு வரை போவதென்றால் சட்டத்துக்கென்று ஒரு முறை உண்டு. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 11ஆம் பிரிவின்படி, அதிகாரி அந்த இடத்துக்குப் பொறுப்பானவருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னிலையில் மண் எடுத்து, புட்டிக்கு முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டு, தாமதமில்லாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த முறை தவறினால் அரசு எடுத்த மண்ணின் முடிவே சான்றாக நிற்காது. எனவே அதிகாரி வரும் நாளில் நீங்களும் அருகில் நின்று, எந்த மடையில் தோண்ட வேண்டும் என்று காட்டுங்கள். 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. மனுவில் அதையும் குறிப்பிடலாம்.

முடிவு கைக்கு வந்ததும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். அளவு உலர்ந்த மண்ணின் எடைக்கா, ஈரத்தோடு சேர்த்தா? ஈரக் கரிசல் என்றால் எண் கணிசமாகக் குறைந்து தெரியும். 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தால், அந்தக் கருவி எவ்வளவு குறைந்த அளவு வரை கண்டறியும் என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகத்திடம் எழுதிக் கேளுங்கள்.