53 விநாடிப் பயணமும் 90 பேர் வாழ்க்கையும்

மேலே எழும்பிய விமானம் நிமிர்ந்து பறக்குமுன்பே இறங்கத் தொடங்கிவிடுகிறது. கீழே ஒரு துண்டுக் கடல், உடனே எதிர்க்கரை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில், வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே வான்வழித் தூரம் 2.7 கிலோமீட்டர். எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதையே கிட்டத்தட்ட அவ்வளவு நீளம்! அட்டவணைப்படி பயண நேரம் 2 நிமிடம். காற்று கைகொடுத்த ஒரு நாளில் 53 விநாடியில் முடிந்திருக்கிறது. 1967 முதல் நடக்கும் இதுதான் உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை.

பறப்பது ஐலாண்டர் ரக விமானம். உள்ளே எட்டுப் பயணிகள்தான். நடுவில் நடக்க வழி கிடையாது. கார் கதவைத் திறப்பதுபோல் பக்கக் கதவைத் திறந்து நேராக இருக்கையில் உட்கார வேண்டும். விமானிக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தவருக்கு, புறப்படும்போதே இறங்கப்போகும் தீவு கண்ணெதிரே தெரியும்.

வேடிக்கை பார்க்க வருபவர்கள் கடிகாரத்தோடு ஏறி, சான்றிதழோடு இறங்குகிறார்கள். அவர்கள் தரும் கட்டணமும் சேவைக்கு உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் 53 விநாடியையே பேசிப் பேசி, இந்த விமானம் யாருக்காகப் பறக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். அதுதான் என் கவலை.

டாக்டரைப் பார்க்க, மேல்வகுப்பு படிக்க, பாப்பா வெஸ்ட்ரேக்காரர் போக வேண்டிய ஊர் கிர்க்வால். விமானத்தில் சுமார் கால் மணி நேரம். விமானம் இல்லையென்றால்? முதலில் சிறு படகில் வெஸ்ட்ரே. அங்கே இறங்கி, தீவின் தென்கோடிக்கு சாலைப் பயணம். பிறகு பெரிய படகில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கடல் கொந்தளித்தால் அதுவும் நிச்சயமில்லை. வயிற்றுவலியோடு கிளம்பும் முதியவருக்கு எந்த வழி? வரைபடத்தில் தூரம் ஒன்றுதான். உடம்பு தாங்கும் தூரம் வேறு.

விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்காகப் பொதுப்பணம் செலவழித்து விமானம் விட வேண்டுமா, படகு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் செயின்ட் கில்டாவை நினைத்துப் பார்க்கட்டும். அதே ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், உதவி எட்டாத தீவு அது. மிஞ்சியிருந்த 36 பேரும் 'எங்களைக் கூட்டிப் போங்கள்' என்று மனு கொடுத்து, 1930 ஆகஸ்டில் பிறந்த மண்ணை விட்டு வெளியேறினார்கள். போனவர்கள் குடியிருக்கத் திரும்பவே இல்லை.

பாப்பா வெஸ்ட்ரேயில் 2001 கணக்கெடுப்பில் 65 பேர். 2011-ல் 90 பேர். விமானம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆபத்துக்கு டாக்டர் எட்டாத தீவுக்குக் கைக்குழந்தையோடு யார் குடிவருவார்கள்?

அந்தத் தீவின் கரையில் 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கற்கால வீடு ஒன்று, சுவரும் வாசலுமாக இன்னும் நிற்கிறது. பெயர் நாப் ஆஃப் ஹவர். அத்தனை காலம் முன்பே அடுப்பு எரிந்த மண் அது. இன்றும் அங்கே அடுப்பு எரிகிறது. அது அணையாமல் இருக்க, எட்டு இருக்கை விமானம் நாளையும் வர வேண்டும். 53 விநாடியில் வந்தாலும் சரி, ஐந்து நிமிடத்தில் வந்தாலும் சரி.