போஸ்டிங்கிலேயே தெரிந்துவிடும்

டீயை எடுத்துக்கொள், பேசுவோம். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருஷம் வந்துவிட்டால் எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள்: ஐசியூவா, தியேட்டரா, டீச்சிங்கா, வெளிநாடா? சம்பளத்தை வைத்துப் பதில் தேடினால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அந்த வேலையில் ஒரு மணி நேரம் எப்படிக் கழிகிறது என்று பார். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

ஐசியூவில் உன் பொறுப்பில் ஓரிரு நோயாளிகள்தான் இருப்பார்கள். ஆனால் மணிக்கு மணி சார்ட் எழுத வேண்டும்: பி.பி., நாடி, ஏற்றிய திரவம், வெளியேறிய சிறுநீர், வென்டிலேட்டர் அளவுகள். படுக்கைப்புண் வராமல் இருக்க அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சிறுநீர் குறைந்துகொண்டே வருவது முதலில் கண்ணில் படுவது நர்ஸுக்குத்தான். எண்களோடு பொறுமையாக இருக்கத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல இடம்.

தியேட்டரில் நோயாளி பெரும்பாலும் மயக்கத்தில் இருப்பார், பேச்சுத்துணை கிடையாது. வயிற்றை மூடுவதற்கு முன் ஸ்க்ரப் நர்ஸும் சர்குலேட்டிங் நர்ஸும் மாப், காஸ், ஊசி எல்லாவற்றையும் வாய்விட்டு எண்ணுவார்கள். ஒரு மாப் குறைந்தால், சர்ஜன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், "கவுன்ட் சரியில்லை சார்" என்று நிறுத்தச் சொல்ல வேண்டும். கைவேகத்தைப் பழகிக்கொள்ளலாம், இந்தத் துணிச்சல் உனக்கு வருமா என்று பார்.

கம்யூனிட்டியில் வேலையே பேச்சுதான். கர்ப்பிணி ஏன் இரும்புச்சத்து மாத்திரையைத் தொடவில்லை என்று கேட்டால் முதல் பதிலில் உண்மை வராது. குமட்டலா, மாமியார் வேண்டாம் என்றாரா என்பது திண்ணையில் உட்கார்ந்து பேசினால்தான் தெரியும். மனநல வார்டுக்குப் பலர் பயந்துகொண்டு போகிறார்கள். போய்ப் பார்க்காமல் அதைத் தள்ளிவிடாதே.

2021-இல் வந்த பாடத்திட்டத்தில் 8-ஆவது செமஸ்டர் இன்டர்ன்ஷிப். பெரியவர்கள், குழந்தைகள், மகப்பேறு, மனநலம், சமூக நலம் என்று ஐந்து பிரிவிலும் வேலை செய்வாய். எம்.எஸ்சி.யிலும் இதே ஐந்துதான். அதனால் அந்தச் செமஸ்டரை வருகைப்பதிவுக்காக ஓட்டிவிடாதே. நைட் டியூட்டி முடிந்து களைத்து வரும்போதும் எந்த வார்டு நோயாளியைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று குறித்து வை.

டீச்சிங் ஆசை இருந்தால் மார்க்கை இப்போதே கவனி. எம்.எஸ்சி. சேர பி.எஸ்சி.யில் 55 சதவீதமும் ஒரு வருஷ அனுபவமும் கேட்பார்கள். ஐசியூ பிடித்தால் கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் என்று 2 வருஷ முதுநிலைப் படிப்பும் இருக்கிறது. வளைகுடா வேலைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம் வேண்டும், அதுவும் எந்தப் பிரிவில் என்று பார்ப்பார்கள். ஆகவே முதல் வேலையில் சேரும்போதே எந்த வார்டு என்று கேட்டு, ஆர்டரில் எழுதி வாங்கிக்கொள்.