மான் வேட்டைத் துப்பாக்கியும் மலைச்சிங்க வதந்தியும்

பயிர் நிலத்தின் ஓரத்தில் காடு இருக்குமாயின், அக்காட்டு மிருகங்கள் விளைச்சலில் பங்கு கேட்பது எத்தேசத்திலும் இயல்பே. ஐக்கிய அமெரிக்காவின் வடபாகத்தில், பெரிய ஏரிகளால் சூழப்பட்ட மிச்சிகன் மாகாணத்தில் அவ்விதம் பங்கு கேட்கும் மிருகம் வெண்வால் மான். அங்கே வருஷந்தோறும் நவம்பர் மாதத்தின் பிற்பாதியில் துப்பாக்கியால் மான் வேட்டையாடச் சட்டம் இடங்கொடுக்கிறது. அப்பருவத்தில் குடியானவர் வீடுகளில் இரண்டு விஷயங்கள் ஓயாமல் பேசப்படும். எந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா ஏற்றது என்பது ஒன்று. மலைச்சிங்கம் என்னும் பெரிய பூனையை இன்னார் இன்ன இடத்தில் கண்டார் என்னும் வதந்தி மற்றொன்று. இவை வெறும் பொழுதுபோக்குப் பேச்சல்ல. முன்னதில் அயலாரின் உயிர் அடங்கியிருக்கிறது. பின்னதில் கால்நடைகளின் க்ஷேமமும், கிராமத்தாரின் மன அமைதியும், ஓர் அரிய மிருகத்தின் உயிரும் அடங்கியிருக்கின்றன.

மான்கள் பெருகிய விதம்

1900-ம் வருஷத்தையொட்டி, காடுகள் அழிக்கப்பட்டதாலும் சந்தை விற்பனைக்காக நடந்த கட்டுப்பாடற்ற வேட்டையாலும், அமெரிக்கா முழுவதிலும் வெண்வால் மான்கள் சில இலட்சங்களாகக் குறைந்துபோயின. பிறகு வேட்டைக்குப் பருவமும் வரம்பும் ஏற்படுத்தப்பட்டன. மானைத் தின்னும் ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான இடங்களில் முன்னமே ஒழிக்கப்பட்டிருந்தன. காடும் வயலும் மாறி மாறி வரும் நிலப்பரப்பு மானுக்கு மிகவும் உகந்தது. ஆகவே அவற்றின் தொகை இப்போது சுமார் 3 கோடி என மதிப்பிடப்படுகிறது.

மான்கள் சோயா மொச்சையின் இளங்குருத்தை மேய்ந்துவிடுகின்றன. மக்காச்சோளக் கதிரைப் பால் பிடிக்கும் தருணத்தில் கடிக்கின்றன. பனிக்காலத்தில் ஆப்பிள் மரங்களின் மொட்டுகளைத் தின்று மறுவருஷத்துக் காய்ப்பைக் கெடுக்கின்றன. குதிரை மசால் வயல்களும் தப்புவதில்லை. மிச்சிகனில் மட்டும் அண்மை வருஷங்களில் மான்கள் மோட்டார் வண்டிகளில் மோதிய விபத்துகள் வருஷத்திற்கு 50,000-க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. இவற்றோடு நோயும் சேர்ந்தது. 1994-ம் வருஷத்தில் வடகிழக்குப் பகுதியில் ஒரு வேட்டைக்காரர் சுட்ட மானின் உடலில் மாட்டுக் காசநோய் காணப்பட்டது. 1998-ல் அதே பகுதியின் மாட்டு மந்தையிலும் அந்நோய் கண்டது. ஆகையால் அங்கே மான் வேட்டை விநோதத்திற்காக மட்டும் நடப்பதன்று. மான்களின் தொகையை மட்டுப்படுத்தும் உபாயமாகவும் அது கருதப்படுகிறது. கடுமையான பயிர்ச்சேதத்திற்கு ஆளான குடியானவர்களுக்குப் பருவம் தவிர்ந்த காலத்திலும் தனி அனுமதிச் சீட்டு வழங்கப்படுவதுண்டு.

தோட்டாவின் அமைப்பு

ரைபிள் என்பது குழலின் உட்புறத்தில் சுருளான காடிகள் வெட்டப்பட்ட துப்பாக்கி. அக்காடிகளைப் பற்றிச் செல்லும் குண்டு பம்பரம்போல் சுழன்றுகொண்டே வெளிப்படும். ஆதலால் நேர்வழி தவறாமல் நெடுந்தூரம் செல்லும். தோட்டாவில் பித்தளைக் கூடு, அதன் அடியில் நெருப்பு உண்டாக்கும் கேப்பு, உள்ளே புகையற்ற மருந்து, முனையில் குண்டு என நான்கு அங்கங்கள் உண்டு. குண்டின் எடை கிரெயின் கணக்கில் சொல்லப்படும். 180 கிரெயின் கொண்டது பழைய தோலா ஒன்று. எனவே 150 கிரெயின் குண்டு ஒரு தோலாவிற்குச் சற்றுக் குறைந்தது.

தோட்டாக்களின் பெயர்கள் புதியவரை மயங்கச் செய்யும். .30-30 என்பதில் முதல் எண் குண்டின் குறுக்களவு ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு என்பதையும், இரண்டாவது எண் முதன்முதலில் அதில் இடப்பட்ட மருந்தின் எடை 30 கிரெயின் என்பதையும் குறிக்கும். .30-06 என்பதிலோ பின்னெண் அத்தோட்டா அமெரிக்க ராணுவத்தில் ஏற்கப்பட்ட 1906-ம் வருஷத்தைக் குறிக்கும். மான் வேட்டையில் பெரிதும் வழங்குபவற்றின் விவரம் வருமாறு. வேகம் குழல் வாயில் விநாடிக்கு இத்தனை அடி என்றும், தாக்கும் சக்தி அடி-ராத்தல் கணக்கிலும் தரப்படுகின்றன. ஒரு ராத்தல் எடையை ஓர் அடி உயர்த்தத் தேவையான சக்தி ஓர் அடி-ராத்தல் ஆகும்.

.30-30 வின்செஸ்டர் (1895): குண்டு 150 கிரெயின்; வேகம் சுமார் 2,390; சக்தி சுமார் 1,900.

.30-06 (1906): குண்டு 150 கிரெயின்; வேகம் சுமார் 2,910; சக்தி சுமார் 2,820.

.270 வின்செஸ்டர் (1925): குண்டு 130 கிரெயின், வேகம் சுமார் 3,060, சக்தி சுமார் 2,700.

.308 வின்செஸ்டர் (1952): குண்டு 150 கிரெயின், வேகம் சுமார் 2,820, சக்தி சுமார் 2,650.

.243 வின்செஸ்டர் (1955): குண்டு 100 கிரெயின், வேகம் சுமார் 2,960, சக்தி சுமார் 1,950.

இவற்றுள் எதுவும் நியாயமான தூரத்தில் ஒரு மானை வீழ்த்தப் போதுமானதே. .30-30 தோட்டா அடர்ந்த காட்டில் நூறு, நூற்றைம்பது கெஜத்திற்குள் சுடுவதற்கு ஏற்றது. அதனை இடும் துப்பாக்கிகளிற் பல, குழலின் கீழே மற்றொரு குழாயில் தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் அமைப்புடையவை. கூர்முனைக் குண்டாயின் அது முன்னுள்ள தோட்டாவின் கேப்பில் அழுந்தி, அதிர்ச்சியால் வெடிக்க இடமுண்டு. ஆகையால் அவற்றிற்கு மழுங்கிய முனையுள்ள குண்டே நெடுங்காலம் வழங்கிவந்தது. திறந்த வெளியில் தூரத்திலிருந்து சுடுவோர் .270, .308, .30-06 ஆகியவற்றை நாடுவர். .243 தோளில் குறைவாகவே உதைக்கும். ஆதலால் இளைஞர்க்கும் புதிதாகப் பழகுவோர்க்கும் உகந்தது. உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடிச் சுடுபவனுடைய பலத்த தோட்டாவைக் காட்டிலும், அஞ்சாது குறிவைப்பவனுடைய இலேசான தோட்டா மேலானது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, இருதயமும் நுரையீரலும் உள்ள இடத்தில் படும் குண்டே மிருகத்தை விரைவில் வீழ்த்தும். வயிற்றில் அடிபட்ட மானோ வெகுதூரம் ஓடி, மறைவில் வருந்திச் சாகும்.

தவறிய குண்டு செல்லும் இடம்

ஒஹையோ மாகாணத்திலும், வயல்களும் வீடுகளும் நெருங்கிய தென் மிச்சிகனிலும் மான் வேட்டைக்குச் சாதாரண ரைபிள் தோட்டாக்கள் பல ஆண்டுகள் விலக்கப்பட்டிருந்தன. ஒற்றைப் பெருங்குண்டு இட்ட ரவைத் துப்பாக்கியே பெரும்பாலும் வழங்கியது. 2014-ம் வருஷத்தில் இவ்விரு மாகாணங்களும், கழுத்து ஒடுங்காத நேர்க்கூட்டுத் தோட்டாக்களை அனுமதித்தன. இத்தகைய கூட்டில் மருந்துக்கு இடம் குறைவு, குண்டு பருமனானது, ஆதலின் அதன் வேகம் விரைவில் தணியும். இவ்விதிகளுக்குப் பொருந்தும்படியாகவே .350 லெஜண்ட் என்னும் தோட்டா 2019-ல் வெளிவந்தது.

எனினும் துப்பாக்கியின் வகையை மாற்றினால் அபாயம் நீங்கிவிடும் என்று எண்ணலாகாது. பென்சில்வேனியா மாகாணச் சட்டசபைக் குழு ஒன்றிற்காக 2007-ல் நடந்த ஆராய்ச்சியில் இவ்விஷயம் கணக்கிட்டுப் பார்க்கப்பட்டது. குழலை 35 பாகை உயர்த்திச் சுட்டால் .30-06 குண்டு 13,926 அடியும், ரவைத் துப்பாக்கியின் பெருங்குண்டு 10,378 அடியும் செல்லும் எனக் கண்டனர். ஆனால் குழலை மட்டமாகப் பிடித்துச் சுடும்போது, தரையில் பட்டுத் தெறித்தபின் ரைபிள் குண்டு 4,835 அடியும், பெருங்குண்டு 5,205 அடியும் சென்றன. அதாவது, சாதுவானது என நம்பப்பட்டதே தெறித்து ஓடுவதில் மிஞ்சியது. இதனால் விளங்குவது, தோட்டாவின் பெயரைவிட மானுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்பதே முக்கியம் என்பதாகும். மேட்டின் உச்சியில் வானத்தை எதிர்த்து நிற்கும் மானை அனுபவசாலிகள் சுடமாட்டார்கள். உயர்ந்த மேடையிலிருந்து கீழ்நோக்கிச் சுடுவதில் ஒரு நன்மை உண்டு: தவறிய குண்டு சமீபத்திலேயே மண்ணில் புதையக்கூடும்.

குண்டும் இறைச்சியும்

முழுவதும் செம்புறை மூடிய ராணுவக் குண்டு விரியாமல் ஊடுருவிப் போய்விடும். மிருகம் காயத்தோடு தப்பும். ஆதலின் முனையில் ஈயம் தெரியும்படி அமைந்து, உடலுக்குள் காளான்போல் விரியும் குண்டே வேட்டைக்கு உரியது. ஆனால் விரியும் ஈயம் கண்ணுக்குப் புலப்படாத துணுக்குகளாகச் சிதறி இறைச்சியில் கலக்கும். 2008-ல் வடடக்கோட்டா மாகாணத்தில், ஏழைகளுக்கு வழங்க நன்கொடையாக வந்த மான் இறைச்சியில் ஈயத் துணுக்குகள் காணப்பட்டதால், அதனை எறிந்துவிடும்படி அதிகாரிகள் அறிவித்தனர். கலிபோர்னியாவில் 2019-ம் வருஷ ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு அடியோடு விலக்கப்பட்டது. ஈயத்திற்குப் பதிலாக முழுச் செம்புக் குண்டுகள் கிடைக்கின்றன. ஈயக் குண்டை வழங்குவோர் காயத்தைச் சுற்றியுள்ள சதையைத் தாராளமாக வெட்டி எறிவது நலம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இவ்விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதை வேண்டும்.

மலைச்சிங்கத்தைப் பற்றிய வதந்தி

மலைச்சிங்கம், கூகர், பூமா என்பன ஒரே மிருகத்தின் பெயர்கள். அது பழுப்பு நிறமுள்ள, நீண்ட வாலையுடைய பெரும் பூனை. மிச்சிகனில் கடைசி மலைச்சிங்கம் 1906-ல் நியூபெரி என்னும் ஊருக்கு அருகில் கொல்லப்பட்டதாகக் குறிப்பு உள்ளது. அதன்பின் நூறு வருஷங்களாக, கண்டோம் என்று சொல்பவர் பலராகவும் அத்தாட்சி தருபவர் அரியராகவும் இருந்தனர். வேட்டைப் பருவத்தில் இப்பேச்சு மிகுவதற்குக் காரணம் உண்டு. விடியற்காலையிலும் அந்தியிலும் ஆயிரக்கணக்கானவர் காட்டில் விழித்திருக்கும் காலம் அதுவே. மங்கிய ஒளியில் குட்டைவால் பாப்காட் பூனையும், சொறி பிடித்த கொயோட்டி நரியும், வீட்டுப் பூனையும்கூடப் பெரிதாகத் தோன்றும். வேறு தேசத்தில் எடுத்த படத்தை உள்ளூர்ப் படம் என்று பரப்புவோரும் உண்டு. கறுப்பு மலைச்சிங்கத்தைக் கண்டதாகப் பலர் சொல்வர். அப்படி ஒன்று இருந்ததாக இதுவரை எங்கும் நிரூபணமாகவில்லை.

ஆயினும் வதந்தியை முழுவதும் தள்ளிவிடுவதும் தவறு. 2011 ஜூனில், மலைச்சிங்கமே இல்லை எனப்பட்ட கனெக்டிகட் மாகாணத்தில் ஒரு மோட்டார் வண்டியில் அடிபட்டு ஆண் மலைச்சிங்கம் ஒன்று இறந்தது. அதன் மரபணுவைச் சோதித்தபோது, அது தெற்கு டக்கோட்டாவின் கரியமலைப் பகுதியைச் சேர்ந்தது என்றும், மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் முன்பு அடையாளம் கண்ட அதே மிருகம் என்றும் தெரிந்தது. அது கடந்த வழி 1,500 மைலுக்கும் மேல். இளம் ஆண்கள் துணையும் இடமும் தேடி இவ்விதம் அலையும்; பெண்கள் பெரும்பாலும் பிறந்த இடத்தையொட்டியே தங்கும். மிச்சிகனிலும் 2008 முதல் நூற்றுக்கு மேற்பட்ட தகவல்கள் மெய்யென உறுதியாயின. அவை ஏறக்குறைய எல்லாம் வட தீபகற்பத்தைச் சேர்ந்தவை. ஒரே மிருகம் பலமுறை எண்ணப்பட்டும் இருக்கலாம். 2025 மார்ச்சில் ஆண்டனாகன் ஜில்லாவில் இரண்டு சிறு குட்டிகள் காணப்பட்டதே பெரிய செய்தி. குட்டி இருந்தால் தாயும் உண்டு. வழிப்போக்கனாக வந்த மிருகம் குடியேறத் தொடங்கியது என்பதற்கு அதுவே முதல் அத்தாட்சி. இம்மிருகம் அங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. மான் வேட்டைச் சீட்டு அதனைச் சுட உரிமை தராது.

வதந்தியைச் சோதிக்கும் முறை

1. அடிச்சுவட்டை மிதிபடாமல் காத்து, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுக்க வேண்டும். பூனை இனத்தின் சுவடு வட்டமானது. நகங்களை உள்ளிழுத்து நடப்பதால் நகக்குறி பெரும்பாலும் இராது. நாயின் சுவடு நீண்டது, நகக்குறி தெரியும். வளர்ந்த மலைச்சிங்கத்தின் சுவடு மூன்று அங்குலத்திற்குக் குறையாத அகலமுடையது.

2. வாலைக் கவனிக்க வேண்டும். மலைச்சிங்கத்தின் வால் ஏறக்குறைய மூன்றடி; பாப்காட்டின் வால் சாண் அளவுகூட இராது.

3. இறந்த கால்நடையைப் புதைக்குமுன் பார்வையிட வேண்டும். மலைச்சிங்கம் கழுத்தில் கடித்துக் கொன்று, இழுத்துச் சென்று, இலை சருகுகளால் மூடிவைக்கும். நாய்கள் பின்தொடைகளைக் கிழித்துப் பல ஆடுகளைக் காயப்படுத்தும்.

4. படம் வந்தால், எடுத்த இடத்திற்கே சென்று, அங்கே ஓர் அளவுகோலை நிறுத்தி மறுபடம் எடுத்து ஒப்பிட வேண்டும். மரமும் கல்லும் ஒத்தால் இடம் மெய். அளவும் ஒத்தால் மிருகமும் மெய்.

5. இன்னதென்று நிச்சயமாகத் தெரியாத உருவத்தின்மேல் ஒருபோதும் சுடலாகாது. புதரில் அசைவது மனிதனாகவும் இருக்கலாம்.

தமிழ்நாட்டில் மான் வேட்டை 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது; பயிரைக் காக்கத் துப்பாக்கி உரிமம் பெற்றவருக்கும் அத்தடை உண்டு. ஆகவே தோட்டாக்களைப் பற்றிய விவரம் இங்கே அறிவுக்கு மட்டுமே. வதந்தியைச் சோதிக்கும் முறையோ எவ்விடத்திற்கும் பொதுவானது. சிறுத்தை வந்தது என்னும் கூச்சல் எழும்பும்போது, கிராம உத்தியோகஸ்தர்கள் கூட்டத்தை விலக்கி, சுவட்டைக் காத்து, வன இலாகாவிற்கு உடனே தெரிவிப்பார்களானால், மெய்யானால் ஆபத்து நீங்கும். பொய்யானால் பீதி நீங்கும்.